கிணற்று நீரும் லென்ஸ் பெட்டியும்

(சாம்பல்தீவில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் எமது தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் காணி உறுதி, பிறப்புப் பதிவு, மலசலகூடம் எல்லாம் கதைத்தோம். இன்றைக்குக் கண்ணில் போடுகிற கொண்டாக்ட் லென்ஸைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு ஐயாமார் சிரிப்பது தெரிகிறது. கூரைக்குத் தகரம் இன்னும் வந்து சேரவில்லை, இந்தப் பிள்ளை லென்ஸோடு வந்து நிற்கிறாளே என்று நினைப்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் நான் எழுதிய ஒரு வசனத்தால் இங்கே ஒரு தங்கச்சியின் கண் போகப் பார்த்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் திரும்பி வந்த புதிதில் கிணறுகளை இறைத்து, சுவரை உரஞ்சி, குளோரின் போட்டுத் தந்தோம். 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்து போன பிறகும் இந்தக் கரையோரத்தில் இதே வேலைதான் நடந்தது, பலருக்கு ஞாபகம் இருக்கும். வேலை முடிந்ததும் வீடு வீடாக ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தோம். அதை எழுதியவள் நான். "குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் இந்த நீர் உகந்தது" என்றுதான் முதலில் எழுதினேன். அச்சுக்குப் போகும்போது வரி நீண்டுவிட்டது. "எல்லாப் பயன்பாட்டுக்கும் பாதுகாப்பானது" என்று சுருக்கிவிட்டேன். நான் கலைப் பட்டதாரி. வசனத்தைச் சுருக்குவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு இருந்தது.

அந்தத் தங்கச்சி தமிழ்நாட்டு முகாமில் பிறந்து, அங்கேயே கல்லூரி முடித்துவிட்டு, அம்மாவோடு இங்கே வந்தவள். கண்ணாடி இல்லாமல் எதிரே நிற்பவரின் முகம்கூடத் தெரியாது. படிக்கும் காலத்திலேயே லென்ஸுக்கு மாறியிருக்கிறாள். வந்த இடத்தில் லென்ஸ் சொலூஷன் வாங்கக் காசு இல்லை. போத்தலில் இருந்ததைச் சொட்டுச் சொட்டாகப் பாவித்தாள். லென்ஸ் பெட்டியை மட்டும் ஒவ்வொரு காலையும் கிணற்றடியில் வாளித் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு மூடி வைத்தாள். கண் சிவந்தது. தூசி என்று நினைத்தார்கள். அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவரிடம் தாய்ப்பால் வாங்கி விட்டார்கள். பிறகு ஒரு கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டார்கள். நாலாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அறையை இருட்டாக்கிப் படுத்திருந்தவளைத்தான் எங்கள் வாகனத்தில் கொண்டு போனோம். வைத்தியசாலையில் நிறுத்தி, மணிக்கொரு தடவை மருந்து விட்டு, கண்ணைக் காப்பாற்றினார்கள். பார்வை இருக்கிறது. கருவிழியின் ஓரத்தில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைத் தழும்பும் இருக்கிறது.

பார்க்கப் போனபோது அவள் கோபமாகக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டாள்: "நோட்டீஸ்ல எல்லாத்துக்கும் நல்லதுன்னு போட்டிருந்துச்சேக்கா?"

அதற்குப் பதிலாகத்தான் இந்த உரை. நான் டொக்டர் இல்லை. இதில் சொல்லும் விஷயங்களைக் கண் வைத்தியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். குளோரின் போட்ட கிணற்று நீரைக் குடிக்கலாம், சமைக்கலாம். வயிற்றுக்குப் போதுமான சுத்தம் கண்ணுக்குப் போதாது என்பதுதான் விஷயம். அதிலும் லென்ஸ் போட்ட கண்ணுக்கு அறவே போதாது. அகந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மண்ணிலும், கிணற்றிலும், குழாய்த் தண்ணீரிலும், தாங்கியின் அடியிலும், கடலிலும்கூட இருக்கும். குடித்தால் ஒன்றும் செய்யாது. நாங்கள் எல்லோருமே எத்தனையோ தடவை குடித்திருப்போம். தனக்கு ஆபத்து வந்தால் இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். குடிநீருக்குப் போடுகிற அளவு குளோரின் அந்தச் சுவரைத் தாண்டாது.

இப்போது லென்ஸ் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சின்னக் கிண்ணம். ஈரமாக மூடி வைத்தால் அதன் அடியில் வழுவழுவென்று ஒரு படலம் பிடிக்கும். மீன் தொட்டியின் சுவரைத் தடவினால் கையில் வழுக்குமே, அதே மாதிரி. அது பக்டீரியாக்கள் சேர்ந்து கட்டிய வீடு. அகந்தமீபா பக்டீரியாவைத் தின்று வளர்வது. ஆகவே கிணற்றுத் தண்ணீரில் அலசி ஈரமாக மூடிய பெட்டி என்பது அதற்கு நாங்கள் போட்டுக் கொடுத்த சாப்பாட்டுக் கடை. இரவில் லென்ஸ் அதற்குள் ஊறுகிறது. காலையில் அப்படியே கண்ணில் ஏறுகிறது. லென்ஸ் பட்டுப் பட்டுக் கண்ணின் மேல்தோலில் எங்களுக்குத் தெரியாமலே மெல்லிய கீறல்கள் விழுந்திருக்கும். உள்ளே நுழைய அது போதும்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கிற அந்தப் படலத்தை விழிவெண்படலம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், டொக்டர்மார் கோர்னியா என்பார்கள். அதில் இரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் ஒளி ஊடே போகாது. காலில் முள் குத்தினால் இரத்தம் ஓடிவந்து கிருமியோடு சண்டை பிடிக்கிற மாதிரி அங்கே சுலபமாக நடக்காது. புண் ஆறினாலும் தழும்பு வெள்ளையாக நிற்கும். அகந்தமீபா புகுந்தால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டிவரும். சூடோமோனாஸ் என்கிற பக்டீரியா இன்னொரு வகை. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்குச் சொந்த வீடு. லென்ஸ் போடுகிறவர்களுக்கு வரும் கண்புண்களில் அதிகம் காண்பது இதைத்தான். ஓரிரு நாளுக்குள்ளேயே கண்ணைக் கெடுத்துவிடக்கூடியது. தழும்பு நடுவில் விழுந்துவிட்டால் இறந்த ஒருவரின் கோர்னியாவை எடுத்துப் பொருத்துவதுதான் வழி. 1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடக்கிய இலங்கைக் கண்தான சங்கம் எத்தனையோ நாடுகளுக்குக் கண் அனுப்பியிருக்கிறது. கண் கொடுப்பதில் எங்கள் நாடு பெயர் பெற்றதுதான். அதற்காகக் காப்பாற்றக்கூடிய கண்ணை இழந்துவிட்டு வரிசையில் போய் நிற்க வேண்டியதில்லையே.

லென்ஸ் போடாதவர்கள் நிம்மதியாக எழும்பிப் போக வேண்டாம். தென்னிந்தியக் கண் மருத்துவமனைகளில் இந்த அகந்தமீபா நோயோடு வந்தவர்களில் பெரும்பாலானோர் லென்ஸே போடாதவர்கள். வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்யும்போது மண்ணோ அழுக்குத் தண்ணீரோ கண்ணில் அடித்தவர்கள். காணி துப்புரவு செய்யும் நாட்களில், அதுவும் கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற காலத்தில், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லென்ஸுக்கு வருவோம்.

மென்மையான லென்ஸை முதலில் உருப்படியாகச் செய்தவர் ஒட்டோ விக்டர்லே என்கிற செக் நாட்டு விஞ்ஞானி. 1961 கிறிஸ்மஸ் காலத்தில், தன் வீட்டுச் சமையலறையில், பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டுமானத் துண்டுகளைக் கொண்டு ஒரு சுழல் கருவி பூட்டி அதில் வார்த்து எடுத்தார். அவர் பிடித்த பொருளின் சிறப்பே தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று இருப்பதுதான். பஞ்சு மாதிரி. நல்ல திரவத்தில் போட்டால் நல்ல திரவத்தை உறிஞ்சும், வாளித் தண்ணீரில் போட்டால் வாளித் தண்ணீரை. போதாததற்கு, வெறும் தண்ணீர் பட்ட லென்ஸ் உப்பிக் கோணி, கண்ணோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஆகவே லென்ஸிலோ அதன் பெட்டியிலோ தண்ணீர் படக்கூடாது. கிணறு, குழாய், கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர், மழைத் தண்ணீர், எதுவும்தான். அவசரத்துக்கு எச்சில் தொட்டுப் போடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அது தண்ணீரைவிட மோசம்.

"கொதிக்க வைத்த தண்ணீரில் உப்புப் போட்டால் சரிதானே, அதுவும் சேலைன் தானே" என்று ஒரு அம்மா கேட்டார். உப்புவெளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உப்பைக் குறை சொல்லப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் இதைத்தான் செய்தார்கள். காய்ச்சி வடித்த நீரில் உப்பு மாத்திரை கரைத்து வீட்டிலேயே லென்ஸ் நீர் தயாரித்தார்கள். மலிவு. அந்தக் காலத்தில்தான் அங்கே லென்ஸ் போட்டவர்களிடம் அகந்தமீபா நோய் கூடத் தொடங்கியது. விசாரித்துப் பார்த்தால் காரணங்களில் முன்னுக்கு நின்றது அந்த வீட்டு உப்புநீர். கொதிக்கும்போது கிருமி சாகலாம். ஆறவைக்கிற சட்டி, மூடுகிற மூடி, ஊற்றி வைக்கிற போத்தல், கலக்குகிற கரண்டி என்று அது திரும்பிவர நூறு வாசல் இருக்கிறது. அதைவிட முக்கியம், உப்புநீருக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இல்லை. கடையில் முத்திரை உடைக்காமல் விற்கிற சேலைன்கூட லென்ஸை அலச மட்டும்தான், இரவில் ஊறவைக்க இல்லை.

வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன். என்னுடைய பெட்டியையே காட்டிச் சொல்கிறேன், நானும் போடுகிறவள்தான்.

முதலில் கை. சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இங்கே கிணற்றுத் தண்ணீர் பாவிக்கலாம். ஆனால் கையை ஈரத்தோடு கொண்டுவரக்கூடாது. நூல் உதிராத சுத்தமான துவாயில் நன்றாகத் துடைத்து, விரல் நுனி உலர்ந்த பிறகுதான் லென்ஸைத் தொட வேண்டும். கையில் நிற்கிற ஒரு சொட்டுத் தண்ணீரும் தண்ணீர்தான். மிளகாய் வெட்டிய கையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஒரு தடவை பட்டவர்களுக்குத் தெரியும்.

இரவில் கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சில துளி சொலூஷன் விட்டு, விரல் நுனியால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்க்க வேண்டும். நகம் படக்கூடாது. "தேய்க்கத் தேவையில்லை" என்று போத்தலில் எழுதியிருந்தாலும் தேயுங்கள். கறி பிடித்த பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டால் மட்டும் போதுமா? அதே கதைதான். பிறகு இன்னும் கொஞ்சம் சொலூஷனை ஊற்றி அலசி, பெட்டியில் போட்டு, லென்ஸ் முழுக்க மூழ்கும்படி புதிய சொலூஷன் நிரப்ப வேண்டும். புதியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேற்று இரவு ஊறிய திரவம் காலையிலேயே தன் வேலையை முடித்துவிட்டது. அதன்மேல் கொஞ்சம் ஊற்றி மட்டத்தை உயர்த்துவதுதான் காசில்லாத வீட்டில் முதலில் தோன்றும் சிக்கனம். அந்தத் தங்கச்சியும் அதைத்தான் செய்தாள்.

இந்த விஷயத்தில் பெரிய பெரிய ஊர்களும் அடிபட்டிருக்கின்றன. 2005, 2006இல் சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் பிறகு அமெரிக்காவிலும் லென்ஸ் போடுகிறவர்களின் கண்ணில் ஃபியூசேரியம் என்கிற பூஞ்சணப் புண் வந்தது. விசாரணை ரெனு மொய்ஸ்சர்லொக் என்கிற ஒரு சொலூஷனில் போய் நின்றது. 2006 மே மாதம் பௌஷ் அண்ட் லோம் கம்பனி அதை உலகம் முழுக்கத் திருப்பி எடுத்துக்கொண்டது. பழையதன்மேல் புதியதை ஊற்றும் பழக்கம் ஆபத்தைக் கூட்டியது என்பதும் அந்த விசாரணையில் வந்த ஒரு விஷயம். அடுத்த வருஷம், 2007 மே மாதம், அகந்தமீபாவின் பெயரால் இன்னொரு கம்பனியின் கொம்ப்ளீட் மொய்ஸ்சர்பிளஸ் திரும்பிப் போனது. வீட்டில் பழைய போத்தல் எதுவும் ஞாபகத்துக்கு வைத்திருந்தால் எறிந்துவிடுங்கள்.

காலையில் லென்ஸைப் போட்ட உடனே பெட்டியைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். லென்ஸைப் பிள்ளை மாதிரிப் பார்ப்போம், பெட்டியை மறந்துவிடுவோம். உள்ளே இருப்பதைக் கொட்டுங்கள். சுத்தமான விரலில் சொலூஷன் தொட்டுக் கிண்ணத்தின் உட்புறத்தையும் மூடியின் உட்புறத்தையும் தேயுங்கள். அந்த வழுவழுப்பு போக வேண்டும். சொலூஷனாலேயே அலசி, புது டிஷூவால் துடைத்து, இன்னொரு டிஷூவின் மேல் கிண்ணங்களையும் மூடிகளையும் கவிழ்த்து வையுங்கள். மூட வேண்டாம், காற்றில் காயட்டும். வைக்கிற இடம் குளியலறையோ கிணற்றடிக் கட்டோ இல்லை. உள்ளறையில், தண்ணீர் தெறிக்காத, எறும்பு ஏறாத ஒரு தட்டில் வையுங்கள். தற்காலிகக் கொட்டிலில் உள்ளறைக்கு எங்கே போவது என்பீர்கள். சுத்தமான பிஸ்கட் டின்னுக்குள் டிஷூ விரித்து வைத்தால் போதும், காற்றுப் போக மூடியைச் சற்றுத் திறந்து விடுங்கள்.

பெட்டியை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. வெடித்திருந்தால் அன்றைக்கே எறியுங்கள். பெரும்பாலான சொலூஷன் போத்தல்களோடு புதுப் பெட்டி ஒன்று வரும். அதை மணி போட்டு வைக்கப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

போத்தலைத் திறந்த திகதியைப் பேனையால் மேலே எழுதுங்கள். எத்தனை நாளைக்குள் முடிக்க வேண்டும் என்று லேபலில் இருக்கும். திரவம் மிச்சம் இருந்தாலும் அந்த நாள் வந்தால் முடிந்தது. நுனியில் விரல் வைக்க வேண்டாம், பிரயாணத்துக்கென்று சின்னப் போத்தலில் மாற்றி ஊற்றவும் வேண்டாம். ஹைட்ரஜன் பெரொக்சைட் வகைச் சொலூஷன் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதற்கென்று வருகிற தனிப் பெட்டியில், சொன்ன மணித்தியாலம் முழுக்க ஊறினால்தான் அது கண்ணுக்கு ஏற்றதாக மாறும். நேரே கண்ணில் பட்டால் அமிலம் ஊற்றியது மாதிரி எரியும். ஒரு நாள் போட்டு எறிகிற லென்ஸுக்கு இந்தப் பாடு ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கழுவி இரண்டாம் நாளும் போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

பிரயாணத்தில் வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமான் கட்டும்போது பெட்டியில் போட்ட லென்ஸ் வாரக்கணக்கில் பைக்குள் கிடந்து வெயிலில் வெந்திருக்கும். காய்ந்து சருகாகிப் போனதைச் சொலூஷனில் ஊறப்போட்டால் பழைய வடிவத்துக்கு வரும். பார்க்கப் புதிதுபோல் இருக்கும். போடாதீர்கள். மனம் வராது, எனக்குத் தெரியும்.

குளிக்கும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக்கூடாது. கிணற்றில் அள்ளி ஊற்றுவது, கடலில் இறங்குவது எல்லாம் இதில் அடங்கும். வந்த குடும்பங்கள் பல, அங்கே இறந்தவர்களை நினைத்துக் கன்னியாவுக்குப் போகின்றன. வெந்நீர்க் கிணறுகளில் அள்ளித் தலையில் ஊற்றும் முன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் இந்தக் கிருமிகளுக்கும் பிடிக்கும். தவறித் தண்ணீர் பட்டுவிட்டால் கழற்றி எறிவது நல்லது. எறிய முடியாவிட்டால் தேய்த்து அலசி, ஒரு இரவு முழுக்கப் புதுச் சொலூஷனில் ஊறவிட்ட பிறகுதான் போட வேண்டும். லென்ஸோடு தூங்கவும் கூடாது, பகல் தூக்கம் உட்பட.

இவ்வளவும் செய்ய வசதி இல்லாத வீடு இருக்கும். சொலூஷன் முடிந்த மாதம் வரும். அப்போது லென்ஸை விட்டுவிட்டுக் கண்ணாடி போடுங்கள். இதில் எந்த வெட்கமும் இல்லை. கலியாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பிள்ளைக்குக் கண்ணாடி இருப்பது தெரியக்கூடாது என்று மறைக்கிற அம்மாமாரையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் தனியாகக் கதைக்கிறேன். பிரயாணத்தில் கண்ணாடி உடைந்தவர்கள், தொலைத்தவர்கள் எங்கள் கள உத்தியோகத்தரிடம் பெயர் கொடுங்கள். வேறு உதவிகளோடு இதையும் சேர்க்கக் கேட்டிருக்கிறோம்.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். "எனக்கும் லென்ஸ் வைத்திருக்கு, நான் ஒருநாளும் கழுவினதே இல்லையே" என்று போன கிழமை ஒரு அப்பாச்சி பதறிப்போனார். வெண்புரை சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வேறு, அப்பாச்சி. அது உள்ளேயே இருக்கும், கழற்றவோ கழுவவோ தேவையில்லை. நான் சொல்வது விரலால் போட்டு விரலால் எடுக்கிற லென்ஸை மட்டும்.

கடைசியாக, கண் சிவந்தால் என்ன செய்வது. லென்ஸ் போடுகிற கண்ணில் சிவப்பு, வலி, கூச்சம், நீர் வடிதல், பீளை, மங்கல் இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். அடுத்த கண்ணிலுள்ளதையும் கழற்றுங்கள். திரும்பப் போட வேண்டாம். தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, பன்னீர், எதுவும் விட வேண்டாம். தாய்ப்பாலைக் குறைத்துச் சொல்லவில்லை, அது பிள்ளைக்கு. பாமசியில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கவும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீரொய்ட் இருக்கும். சிவப்பு உடனே குறைந்து சுகம் வந்ததுபோல் தெரியும், உள்ளே பூஞ்சணமோ அமீபாவோ இருந்தால் அதற்கு எரு போட்ட மாதிரி ஆகிவிடும். நாளைக்குப் பார்ப்போம் என்று வைக்காமல் அன்றைக்கே நிலாவெளி வீதியில் பஸ் ஏறித் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள். கிளினிக் நாள் இல்லாவிட்டாலும் வெளிநோயாளர் பிரிவில் "நான் லென்ஸ் போடுகிறவள், கண் வலிக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர்கள் வேறு விதமாகப் பார்ப்பார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லையென்றால் எங்களுக்கு அறிவியுங்கள், இரவென்றாலும் பரவாயில்லை.

போகும்போது கழற்றிய லென்ஸையும், பெட்டியையும், சொலூஷன் போத்தலையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். என்ன கிருமி என்று அதில் இருந்தே ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்க முடியும். வைத்தியரிடம் காட்டப் போகிறோமே என்று வெட்கப்பட்டு எங்கள் சனம் முதலில் செய்வது அதைப் பளிச்சென்று கழுவுவதுதான். அந்த ஒரு நாள் மட்டும் பெட்டியைக் கழுவாமல் கொண்டு போங்கள்.